ஓரம் கட்டிய வண்டிகள்

ஷெல்பிக்கு ஒரு டிரைவர் வேண்டியிருந்தது.

மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை. கூட ஒருவர் வர வேண்டும், முடியும்வரை காத்திருப்பு அறையிலேயே இருக்க வேண்டும், பிறகு வீடுவரை கொண்டுபோய் விட வேண்டும். வாடகைக் கார் செல்லாது. ஆள் இல்லையென்றால் உடை மாற்றும் முன்பே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு ஓட்டக்கூடியவன் எமெட் ஒருவன்தான். அவளுடைய அக்கா லேசியின் கணவன். லேசி இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலை வாசலில் நின்ற அவனுடைய பிக்கப் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலை அது. அவள் தையல் பிரிவில், அவன் சரக்கு அலுவலகத்தில்.

“வியாழக்கிழமை உனக்கு என்ன வேலை?”

“வேலைதான்.”

“லீவு போடு. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

எமெட் சாண்ட்விச்சை மடியில் வைத்தான். “உடம்புக்கு என்ன?”

“உடம்பு கல்லு மாதிரி இருக்கு. அப்படியே இருக்கட்டும்னுதான் போறேன்.” கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “கருக்குழாய் ரெண்டையும் எடுத்துடப் போறேன். அதுக்கப்புறம் பிள்ளைங்கற பேச்சே கிடையாது.”

அவன் சாண்ட்விச்சை மறுபடி காகிதத்தில் சுற்றினான்.

“ஏதாச்சும் சொல்லேன்.”

“எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

“பாத்தியா, இதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்.”

கேட்காமலேயே மீதியையும் சொன்னாள். முதலில் பார்த்த டாக்டர், இருபத்தைந்து வயது சின்ன வயது என்றார். இரண்டாவது ஆள், நாளை வரப்போகிற கணவர் பிள்ளை கேட்டால் என்ன செய்வாய் என்றார். “இன்னும் கண்ணுலயே படாத புருஷனுக்கு என் வயித்துல என்ன பங்குன்னு கேட்டேன். மனுஷன் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கல.” மூன்றாவது, நகரத்தில் ஒரு பெண் டாக்டர். நிறையக் கேள்விகள் கேட்டு, ஒரு மாதம் யோசிக்கச் சொல்லி, பிறகு நாள் கொடுத்திருந்தார்.

தையல் பிரிவு மாதக் கடைசியோடு மூடப்படுகிறது. மெக்சிகோவுக்குப் போகிறது என்று கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். இந்த வியாழக்கிழமை தவறினால் இன்னொரு வியாழக்கிழமை அவளுக்குக் கிடையாது.

“போன அக்டோபர்ல நாள் தள்ளிப் போச்சு,” என்றாள். “ஒண்ணுமில்லன்னு தெரியறவரைக்கும் மேப்பைப் பாத்துக்கிட்டே கிடந்தேன். ஆத்தைத் தாண்டி இல்லினாய்க்கு எந்த ரோடு, எங்க பெட்ரோல் போடறது, சூப்பர்வைசர்கிட்ட என்ன பொய் சொல்றதுன்னு. இங்க கென்டக்கில கருவைக் கலைக்கச் சட்டம் விடாது, எவன் கையை வைப்பான்? ஜெயிலுக்குப் போகவா? என்கூடச் சுத்திக்கிட்டிருந்த பையன் அதுக்குள்ள போன் நம்பரையே மாத்திட்டான்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“உன்கிட்டயா? நீ அப்ப ஒரு வாரம் ஒரே சட்டையில திரிஞ்சுக்கிட்டிருந்த.” அவனுடைய சிப்ஸ் பொட்டலத்திலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டாள். “எனக்குக் குழந்தைங்க மேல கோவம் கிடையாது எமெட். சர்ச்சுல ஞாயித்துக்கிழமை நான்தானே மேய்க்கறேன். நல்லாத்தான் இருக்கு, ஒரு மணி நேரத்துக்கு. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு பத்து வயசுல தோணல, இப்பவும் தோணல. பயந்துக்கிட்டே இருக்கறதுதான் ஆகல.”

இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. முடிஞ்சப்புறம் நானே சொல்லிக்கறேன்.”

அவன் தலையசைத்தான். அவள் கூந்தலைத் தூக்கிக் கட்டியிருந்தாள். காதுகள் இரண்டும் வெயிலில் சிவப்பாகத் தெரிந்தன.

அந்தக் குடும்பத்துக் காதுகள். தலையோடு ஒட்டாமல், ஏதோ கேட்டுத் திரும்பியதுபோல விரிந்து நிற்கும். அம்மா ரோண்டாவுக்கு, லேசிக்கு, ஷெல்பிக்கு, மூவருக்கும் ஒரே அச்சு. லேசி முடியை வைத்து மறைத்துக்கொள்வாள். கல்யாணத்துக்குப் பிறகு மறைப்பதை விட்டாள். பிள்ளை வேண்டும் என்று இருவருக்கும் ஆசைதான். முதலில் கூரையை மாற்றிவிடலாம் என்றார்கள். பிறகு கார் என்றார்கள். பிறகு அந்தக் கார் ஆற்றுப் பாலத்தில் உறைபனியில் சறுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் ரோண்டா மாதம் ஒரு முறையாவது சொல்வாள்: “ஷெல்பி, உனக்குப் பொறக்கறது கண்டிப்பா லேசியோட காதோட வரும் பாரு.” ஷெல்பி உருளைக்கிழங்கு மசியலை எடுத்து அம்மா தட்டில் போடுவாள். எமெட் பேசாமல் சாப்பிடுவான். அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்திருந்தது. ரோண்டா அதைச் சொல்வதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போனான் என்றுகூடச் சொல்லலாம். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

தப்பு அவன் பக்கம்தான் நடந்தது.

லீவு கேட்கப் போனபோது மேலாளர் டுவெயின் காரணம் கேட்டார். பொய் சொல்ல எமெட்டுக்குச் சோம்பல். “ஷெல்பிக்கு ஒரு ஆபரேஷன். நான்தான் வண்டி ஓட்டணும்.” டுவெயின் முகத்தைச் சுருக்கி, என்ன ஆபரேஷன் என்றார். “பொம்பளைங்க சமாச்சாரம்,” என்றான் எமெட். அதற்கு மேல் எந்த ஆணும் கேட்க மாட்டான் என்பது அவன் கணக்கு. டுவெயினும் கேட்கவில்லை. நல்ல மனிதர். வீட்டுக்குப் போய் மனைவி பாட்சியிடம், பாவம் அந்தப் பெண்ணுக்காக ஜெபம் பண்ணு என்று மட்டும் சொன்னார்.

பாட்சிதான் சர்ச்சின் ஜெபச் சங்கிலியில் முதல் கண்ணி. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பாட்சி ஒருத்தியைக் கூப்பிடுவாள், அவள் அடுத்தவளை, அவள் அதற்கடுத்தவளை. மாலைக்குள் ஊரில் உள்ள பாப்டிஸ்டுச் சபைப் பெண்கள் எல்லாரும் முழங்காலில் இருப்பார்கள். லேசிக்கும் அப்படித்தான் ஜெபித்தார்கள்.

எமெட்டுக்கு இது தெரியாததல்ல. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டு வருடத்தில் நிறைய விஷயங்கள் அப்படித்தான் ஆகியிருந்தன.

வியாழக்கிழமை காலை மழை தூறியது. ஷெல்பி ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து ஏறினாள்.

“தூங்கப் போறியா?”

“திரும்பி வரும்போது பெல்ட்டுக்கும் வயித்துக்கும் நடுவுல வைக்கணுமாம். உன் வண்டி குதிக்கிற குதியில இது போதுமான்னு தெரியல.” வண்டிக்குள் முகர்ந்து பார்த்தாள். “இதைக் கழுவற வழக்கமே இல்லையா? காபி வாங்கித் தரேன்னு சொல்லாத, பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது.”

“சொல்லல.”

“சொல்ல மாட்டன்னு தெரியும். சும்மா பேசிக்கிட்டு வரேன். பயமா இருக்கு.”

“கத்திக்கா?”

“கத்திக்கு இல்ல. கடைசி நிமிஷத்துல யாராச்சும் வந்து ‘நீ போம்மா வீட்டுக்கு’ன்னு சொல்லிடுவாங்களோன்னு.”

ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடி நாளாகிவிட்டது. பெண்களுக்கு எது என்றாலும் நகரத்துக்குத்தான் போக வேண்டும். மேடும் வளைவுமான இரட்டை வழிச் சாலை. லேசியின் கார் சறுக்கிய பாலம் வந்தபோது ஷெல்பி பேச்சை நிறுத்தினாள்.

லேசியைச் சவப்பெட்டியில் கொண்டுபோன சாலையும் இதுதான். அன்றைய நாளில் எமெட்டுக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஓரம் கட்டி நின்றன. இந்தப் பக்கத்தில் அது வழக்கம். முகப்பு விளக்குகளை எரியவிட்டு, வரிசையாக, மெதுவாக வண்டிகள் வந்தால், யார் போய்விட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஓரம் கட்டுவார்கள். தொப்பியைக் கழற்றுவார்கள். கடைசி வண்டி தாண்டிய பிறகுதான் கிளம்புவார்கள். பன்றிகள் ஏற்றிய ஒரு லாரி அன்று அப்படி நின்றது. பன்றிகள் கத்திக்கொண்டிருந்தன. ஓட்டுநர் தலை குனிந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வந்து ஷெல்பியை உள்ளே அழைத்தாள். எமெட்டைப் பார்த்து, “நீங்க இங்கயே இருக்கணும் செல்லம். காபி குடிக்கப் போறேன்னு கீழ போயிட்டு ஆளு காணாமப் போனா நாங்க நிறுத்திடுவோம்,” என்றாள். அவளுக்கு எல்லாரும் செல்லம்தான். ஷெல்பி தலையணையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரிக்குள் அவன் கால் வைத்தது லேசிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பயப்படுவோம் என்று நினைத்திருந்தான். ஒன்றும் தோன்றவில்லை. தொலைக்காட்சியில் ஒருத்தி ஒரு சக்கரத்தைச் சுற்றி ஏதோ பரிசு வென்று குதித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது லிப்ட் திறந்தது. ரோண்டா வந்தாள்.

மழைக் கோட்டு, வீட்டில் போடும் செருப்பு, கையில் அலுமினியத் தாள் மூடிய கண்ணாடிப் பாத்திரம். கோழி, அரிசி, சீஸ் எல்லாம் சேர்த்து ஓவன் அடுப்பில் சுட்டது. யாருக்காவது கெட்ட செய்தி என்றால் அவள் கை தானாகச் செய்கிற சமையல் அது. நேராக வந்து அவன் எதிரே நின்றாள்.

“எவ்வளவு பெரிசாம்?”

“என்னம்மா?” கல்யாணமான நாளிலிருந்து அவனும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

“கட்டிடா கண்ணு. எவ்வளவு பெரிசு? முத்திப்போச்சா?” “ஜெபச் சங்கிலியில போன் வருது எனக்கு. எம் பொண்ணுக்காக ஜெபம் பண்ணுன்னு எனக்கே போன் பண்றா அந்த டார்லீன். ‘கர்ப்பப்பையில கட்டியாம் ரோண்டா, நாளைக்கு ஆபரேஷனாம், உனக்குத் தெரிஞ்சிருக்குமே’ங்கறா. ஆமா ஆமா தெரியும்னேன். என்ன சொல்லச் சொல்ற? பெத்தவளுக்குத் தெரியாதுன்னா? ராத்திரி பூரா அடுப்பு முன்னாடி நின்னேன்.”

பொம்பளைங்க சமாச்சாரம் பாட்சியிடமிருந்து டார்லீனிடம் வருவதற்குள் கட்டியாகியிருந்தது.

எமெட் எழுந்து பாத்திரத்தை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். இன்னும் சூடாக இருந்தது. பொய் சொல்ல வேண்டுமென்றால் அதற்கான இடம் இதுதான். சின்னக் கட்டி, எடுத்தாகிவிட்டது என்றால் முடிந்தது. ஆனால் அவளுடைய முகம், லேசிக்காக இன்னொரு ஆஸ்பத்திரியில் நின்ற அதே முகம்.

“கட்டி இல்லம்மா. எதுவும் இல்ல. அவ நல்லா இருக்கா.”

“பொய் சொல்லாத.”

“லேசி மேல சத்தியமா.”

ரோண்டா உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது முகம் பத்து வயது குறைந்திருந்தது.

“அப்ப எதுக்கு இங்க?”

“அதை அவதான் உங்ககிட்ட சொல்லணும்.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மடியிலிருந்த தலையணையைப் பார்த்தாள். சுவரில் என்ன பிரிவு என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்தாள். முட்டாள் பெண் அல்ல.

“குழாயை அடைக்கப் போறா. இல்லையா?”

அவன் கண்ணைத் தாழ்த்தினான்.

“எனக்குத் தெரியும். உருளைக்கிழங்கை எடுத்து எடுத்து என் தட்டுல போடறப்பவே தெரியும்.” தாழ்ந்த குரலில், கோபமில்லாமல் சொன்னாள். “ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கச் சொல்லு எமெட். நான் சொன்னா சண்டைக்கு வருவா. நீ சொன்னா கேப்பா. நீ ஒண்ணுமே கேக்கறதில்லையே, அதனால கேப்பா.”

“அவ வேலை போகுதும்மா. காப்பீடு போயிடும்.”

“பணம் நான் பாத்துக்கறேன். வீட்டை வித்தாவது பாத்துக்கறேன். ஒரு வருஷம்.” அவன் கையைப் பிடித்தாள். “உனக்கும் வேணும்னு எனக்குத் தெரியும். நான் அந்தக் காதைப் பத்திப் பேசறப்ப உன் மூஞ்சியைப் பாத்திருக்கேன்.”

தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். “ஷெல்பியோட ஆளு? உங்களைக் கூப்பிடறா செல்லம். ஒருத்தர் மட்டும்.”

ரோண்டா கையை விடவில்லை. பிறகு விட்டாள்.

திரைக்குப் பின்னால் ஷெல்பி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். தலையில் நீலநிறக் காகிதத் தொப்பி. காதுகளை உள்ளே தள்ளியிருந்தார்கள். அவை தொப்பியை இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றன.

“உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள். உடனே, “அம்மா வந்துட்டாங்களா?”

“வெளிய இருக்காங்க.”

“எப்படி?”

“ஜெபச் சங்கிலி. நான் டுவெயின்கிட்ட சொன்னேன். என் தப்பு.”

ஷெல்பி கண்ணை மூடித் திறந்தாள். “எதாவது செஞ்சு எடுத்துட்டு வந்திருக்காங்களா?”

“கோழியும் அரிசியும்.”

“அப்ப சீரியஸ்தான்.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “என்ன சொல்றாங்க?”

“உனக்குக் கட்டின்னு நினைச்சு வந்தாங்க. இல்லன்னு சொன்னேன். மீதியை அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க. ஒரு வருஷம் பொறுக்கச் சொல்றாங்க. பணம் அவங்க தராங்களாம்.”

“நீ என்ன சொல்ற?”

“நான் டிரைவர்.”

“எமெட். கேக்கறேன், சொல்லு.”

பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஏதோ கருவி ஒரே சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் அவளைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்தான்.

“எனக்கு அந்தக் காது வேணும்னு இருந்துச்சு. யார் மேலயாவது. சின்னதா ஒண்ணு ஓடும், அதைப் பார்க்கலாம்னு.” நிறுத்தினான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நாளாகியிருந்தது. “அது உன் பாடு இல்ல. எனக்குத் தெரியும். நீ கேட்ட, சொன்னேன்.”

ஷெல்பி கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். ஊசி ஏற்றாத கையால் தொப்பியை மேலே தள்ளினாள். காதுகள் இரண்டும் வெளியே வந்து நின்றன.

“இந்தா. ரெண்டு இருக்கு. நல்லாப் பாத்துக்கோ. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன் எதிர்லதான் உக்கார்றேன், ஒரு நாளாவது நிமிந்து பாத்திருக்கியா?” குரல் உடைந்தது. “நான் இன்னும் சாகல எமெட்.”

அவன் பார்த்தான். இடது காதின் மேல்முனையில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருந்தது. லேசிக்கு அது கிடையாது.

“நாய் கடிச்சது,” என்றாள். “ஆறு வயசுல. அக்காவைத் துரத்துச்சு, என்னைக் கடிச்சது.”

திரையை விலக்கிக்கொண்டு, நாள் கொடுத்த அந்தப் பெண் டாக்டர் பிரூயிட் வந்தார். நரைத்த முடி, அவசரமில்லாத நடை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெளியே ஒரு அம்மா அழுதுகொண்டிருப்பதாக நர்ஸ் சொல்லியிருக்க வேண்டும்.

“ஷெல்பி, கடைசியா ஒரு தடவை கேக்கறேன். இதைத் திருப்ப முடியாது. இன்னிக்கு வேண்டாம்னாலும் யாரும் உன்னை ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

“வேணும்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா டாக்டர்.”

டாக்டர் எமெட் பக்கம் திரும்பினார். “நீங்க கணவரா?”

அந்தக் கேள்வியைக் கேட்டு ஷெல்பி மூச்சைப் பிடித்துக்கொண்டதை அவன் பார்த்தான். காலையில் வண்டியில் சொன்ன பயம் அதுதான். யாராவது ஒருவர், ஏதாவது ஒரு வார்த்தை. வெளியே ரோண்டா ஒரு வருடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல டாக்டர். நான் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தவன்.”

“நல்லது. மெதுவா ஓட்டுங்க. ரோட்டுல இருக்கற ஒவ்வொரு பள்ளத்துக்கும் இவங்க உங்களைத் திட்டுவாங்க.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஷெல்பி தலையைத் திருப்பி, “அம்மாவைத் தனியா விட்டுடாத,” என்றாள்.

அவன் திரும்பி வந்து ரோண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“சொன்னியா?”

“நீங்க சொன்னதைச் சொன்னேன். எனக்கு என்ன வேணும்னும் சொன்னேன்.”

“அதுக்கு?”

“அவளுக்கு வேணுங்கறது வேற.”

ரோண்டா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, “வழி பூரா ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தேன்,” என்றாள். “கட்டி இருக்கக் கூடாது, இவளையாவது விட்டு வைன்னு. அதுக்குப் பதிலா எதை வேணும்னாலும் எடுத்துக்கோன்னு கூடச் சொன்னேன்.” கைக்குட்டையைப் பிரித்தாள். “இப்ப நான் யாரைப் போய் என்னன்னு கேக்கறது?”

சக்கரம் சுற்றும் நிகழ்ச்சி முடிந்து செய்தி வந்தது. ரோண்டா அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இரவெல்லாம் அடுப்பின் முன் நின்றவள். அவள் காது அவன் கழுத்தில் சில்லென்று பட்டது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னார்.

பிற்பகலில் ஷெல்பியைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்றைவிடத் தோள்தான் வலிக்கிறது, உள்ளே காற்று ஏற்றியிருக்கிறார்கள் என்று புலம்பினாள். காது குளிர்கிறது என்று நீலத் தொப்பியைக் கழற்ற விடவில்லை. ரோண்டா குனிந்து அவள் செருப்பைச் சரி செய்தாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வீட்டுல பேசிக்கலாம்,” என்றாள் ரோண்டா.

“திட்டுவியா?”

“முதல்ல சாப்பிடு. அப்புறம் யோசிக்கறேன்.”

ரோண்டா தன் காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

மழை வலுத்திருந்தது. எமெட் விளக்கைப் போட்டான். ரோண்டாவும் போட்டாள். ஷெல்பி தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் பள்ளத்திலேயே அவனுடைய வம்சத்தையே இழுத்தாள். அதன் பிறகு அவன் சைக்கிள் வேகத்துக்கு இறங்கினான். வளைவுச் சாலை, முந்த முடியாது. ரோண்டாவுக்குப் பின்னால் ஒரு கார் சேர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஷெல்பி கண்ணயர்ந்தாள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், எதிரே வந்த தீவன லாரி ஒன்று வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி நின்றது. பழுதாகியிருக்கும் என்று நினைத்தான். அதன் பின்னால் வந்த தபால் வண்டியும் நின்றது. அதன் பின்னால் ஒரு குடும்பத்தின் வேன். எமெட் கண்ணாடியில் பார்த்தான். அவனுக்குப் பின்னால் மேட்டின் உச்சிவரை வண்டிகள், எல்லாவற்றிலும் விளக்கு எரிய, மழையில், ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தன.

ஷெல்பி கண் விழித்தாள். “ஏன் எல்லாரும் நிக்கறாங்க?”

“நம்மளைச் சவ ஊர்வலம்னு நினைச்சுட்டாங்க.”

அவள் சிரமப்பட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். “ஐயோ. ஓரம் கட்டி அவங்களைப் போக விடேன்.”

“நிறுத்தினா யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு இறங்கி வருவாங்க. அப்புறம் டார்லீனுக்குப் போன் போகும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை இறுக்கினாள். “சிரிக்க வைக்காத, வயித்துல ஓட்டை இருக்கு. ஆமா, பிணம் முதல் வண்டியிலதானே இருக்கும்?”

“ஆமா.”

“அப்ப அது நான்தான்.”

அடுத்து ஒரு பழைய பிக்கப் நின்றிருந்தது. உள்ளே ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஷெல்பி நீலத் தொப்பியோடு ஜன்னல் பக்கம் சாய்ந்து அவருக்குக் கையசைத்தாள். கிழவரின் வாய் திறந்தது. தொப்பி நழுவியது. பிறகு, மரியாதைக் குறைவாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் மெதுவாகக் கையைத் தூக்கி அசைத்தார்.

எமெட் சிரித்தான் என்று சொல்ல முடியாது. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. கண்ணாடியில் வழிந்த மழையைத் துடைப்பான் துடைத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் அவனுக்குச் சாலை தெரியவில்லை. இன்னும் வேகத்தைக் குறைத்தான். பாலத்தைத் தாண்டும்வரை ஷெல்பி அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

ரோண்டாவின் வீட்டு வாசலில் அவர்கள் திரும்பியபோது வரிசை கலைந்தது. பின்னால் வந்தவர்களில் ஒருவர் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

ஷெல்பியைச் சோபாவில் படுக்க வைத்தார்கள். ரோண்டா கோட்டைக் கூடக் கழற்றாமல் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

“வழியில எல்லாரும் நின்னாங்க, பாத்தீங்களா?”

“பாத்தோம்மா,” என்றாள் ஷெல்பி. “தப்பா நினைச்சுக்கிட்டாங்க.”

“தெரியும்.” அடுப்புக் கதவை மூடினாள். “நான் ஒவ்வொருத்தருக்கும் கையைத் தூக்கி நன்றி சொல்லிட்டே வந்தேன். சொல்லாம வர மனசு வரல.”

ஷெல்பி சிரிக்கவில்லை. தலையணையை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினாள். ரோண்டா வந்து சோபா ஓரத்தில் உட்கார்ந்தாள். மகளின் தலையிலிருந்து நீலத் தொப்பியைக் கழற்றி, கசங்கிய முடியை இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். இடது காதின் தழும்பில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

“எமெட், தட்டு எடுத்து வை,” என்றாள். “மூணு.”

அவன் எடுத்து வைத்தான். ஷெல்பிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.